ஓ.பி.க்யூ.32 ஆளுமைத் தேர்வு: மூன்று வாக்கியமும் பொருந்தினால் எதைத் தேர்ந்தெடுப்பது?

புதுமுகம்:
அனைவருக்கும் வணக்கம். பயிற்சி நிலை மென்பொருள் பொறியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வரும் வெள்ளிக்குள் எஸ்.ஹெச்.எல். நிறுவனத்தின் ஓ.பி.க்யூ.32 ஆளுமைத் தேர்வை முடிக்கச் சொல்லி ஹெச்.ஆர். மெயில் அனுப்பியிருக்கிறார்கள். மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு திரைக்கு மூன்று வாக்கியம், மூன்றுமே எனக்குப் பொருந்துகிறது. ப்ராஜெக்ட் ஒதுக்கும் முன் மேனேஜர் அறிக்கையைப் பார்ப்பாராம். அவர் எதிர்பார்ப்பதற்கு ஏற்றபடி பதில் சொல்லலாமா? இணையத்தில் இலவசமாக எழுதிய ஒரு தேர்வில் என் ஆளுமை வகை ஐ.என்.எஃப்.ஜே. என்று நான்கெழுத்தில் வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அளவுகோல்:
மூன்றும் பொருந்துவது போலத் தோன்றுவது தற்செயல் அல்ல, வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். இப்போது பரவலாக இருக்கும் பதிப்பில் 104 திரைகள். ஒவ்வொன்றிலும் உங்களுக்கு மிகவும் பொருந்துவது ஒன்று, மிகக் குறைவாகப் பொருந்துவது ஒன்று எனக் குறிக்க வேண்டும். "கொடுத்த நாளுக்குள் முடித்துவிடுவேன்", "பிறரைப் பேசி இணங்க வைப்பேன்", "எண்களோடு வேலை செய்யப் பிடிக்கும்" என்று மூன்று இருந்தால், இதில் எது நல்லது என்பது கேள்வியே அல்ல. கடந்த நான்கு மாதத்தில் அலுவலகத்தில் எதை அதிகம் செய்தீர்கள், எதைக் குறைவாகச் செய்தீர்கள் என்று மட்டும் பாருங்கள். வீட்டில் எப்படி, கல்லூரியில் எப்படி என்பதைக் கலக்க வேண்டாம்.

நேர வரம்பு கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரம் போதும். லேப்டாப்பில், ஒரே மூச்சில், காலையில் எழுதுங்கள். ரிலீஸ் முடிந்த இரவில் எழுதினால் அன்றைய சலிப்பும் பதிலில் ஏறிவிடும். ஒரே பண்பைத் தொடும் வாக்கியங்கள் வேறு வேறு கூட்டணியில் திரும்பத் திரும்ப வரும். முன்பு என்ன குறித்தோம் என்று நினைவில் தேட வேண்டாம்.

களப்பணி:
ஒரு சின்ன மாற்றுக் கருத்து. வாடிக்கையாளரோடு பேசும் வேலை வேண்டுமென்றால் பேசிப் பழகுவது, இணங்க வைப்பது போன்ற வாக்கியங்களைக் கொஞ்சம் கூட்டிக் குறிப்பதில் தவறில்லை என்பேன். நேர்காணலுக்குப் போகும்போது நல்ல சட்டை போடுவதில்லையா?

அளவுகோல்:
சரியா தவறா என்பது இருக்கட்டும், இந்த வடிவத்தில் அது பலிக்காது. ஐந்து புள்ளி அளவுகோலில் எல்லாவற்றுக்கும் "முழுதும் ஏற்கிறேன்" என்று குறிக்க முடியும். இங்கே முடியாது. இணங்க வைப்பதை மேலே தூக்கினால், அதே திரையில் காலக்கெடுவோ எண்களோ கீழே போகும். இந்தத் தேர்வு அளக்கும் 32 பண்புகளில் எது சரிகிறது என்று எழுதும்போது உங்களுக்குத் தெரியாது. அதோடு, பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கும் தனியாக ஒரு மதிப்பெண் உண்டு. அது தாழ்ந்தால் அறிக்கையைப் படிப்பவர் முழுவதையுமே சந்தேகத்தோடு பார்ப்பார்.

புதுமுகம்:
நன்றி. அறிக்கையில் ஒரு பண்புக்கு 10க்கு 3 என்று வந்தால் அது தோல்வியா?

ஒப்பீடு:
இந்த இடத்தில்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அது பரீட்சை மார்க் அல்ல, "ஸ்டென்" என்ற ஒப்பீட்டு அளவு. சராசரி 5.5. நூறு பேரில் ஏறக்குறைய 68 பேர் 4 முதல் 7க்குள் வந்துவிடுவார்கள். 3 என்றால், ஒப்பிடப்பட்ட குழுவில் பெரும்பாலோரைவிட அந்தச் சாய்வு உங்களிடம் குறைவு, அவ்வளவுதான். 10 வந்தாலும் கொண்டாட வேண்டாம். நுணுக்கம் பார்ப்பதில் 10 எடுத்தவருக்கு முழுமையடையாத வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பது வேதனையாக இருக்கும்.

ஆகவே ஹெச்.ஆரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: "எந்தக் குழுவோடு ஒப்பிடுகிறீர்கள்?" புதிய பட்டதாரிகளோடு ஒப்பிட்டால் தலைமை தாங்கும் பண்பில் 6 வரக்கூடிய அதே பதில்கள், மேலாளர்களோடு ஒப்பிட்டால் 3 ஆகிவிடலாம். நீங்கள் மாறவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் மாறினார்கள். இதைக் கவனிக்காமல் புதியவர்களை "தலைமைப் பண்பு இல்லை" என்று ஒதுக்குவது அநியாயம். அறிக்கையில் ஒப்பீட்டுக் குழுவின் பெயர் வழக்கமாக அச்சாகியிருக்கும், தேடிப் பாருங்கள்.

இன்னும் மூன்றை மெயிலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது பயிற்சிக்கா, பதவி முடிவுக்கா? யார் யார் பார்ப்பார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?

நான்கெழுத்து விஷயம்: ஐ.என்.எஃப்.ஜே. போன்ற எழுத்துகள் எம்.பி.டி.ஐ. (மையர்ஸ்-பிரிக்ஸ்) என்ற ஆளுமைத் தேர்விலிருந்து வந்தவை, அது வேறு வகை. யூங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைக் கொள்கையிலிருந்து காத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. நான்கு எதிரெதிர்ப் பண்பு இரட்டைகளில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துவிடும். நடுக்கோட்டை ஒட்டி இருப்பவருக்கு அடுத்த மாதமே எழுத்து மாறிவிடலாம். ஆளெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். இலவசத் தளங்களில் வருவது பெரும்பாலும் அந்த அதிகாரபூர்வத் தேர்வுகூட அல்ல. மேனேஜரிடம் அந்த நான்கெழுத்தைச் சொல்லாதீர்கள், முத்திரை ஒட்டிக்கொள்ளும்.

களப்பணி:
சட்டை உவமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், விளக்கம் சரி.

ஒன்று சேர்க்கிறேன். அறிக்கை வந்ததும் விளக்க உரையாடல் கேளுங்கள், வெறும் பிடிஎஃப்போடு விடாதீர்கள். 1–3, 8–10 வந்த பண்புகளை மட்டும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் வேலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதி எடுத்துப் போங்கள், ஒத்துப்போவதும் சரி, முரண்படுவதும் சரி. "இணங்க வைத்தல் 2, அதனால் கிளையன்ட் கால் வேண்டாம்" என்று மேனேஜர் சொன்னால், இது விருப்பத்தைச் சொல்லும் சுயமதிப்பீடு, திறமையைச் சோதித்தது அல்ல என்று நிதானமாகச் சொல்லுங்கள். இரண்டு கிளையன்ட் அழைப்புகளில் உடன் உட்கார்ந்து பார்த்துவிட்டு மூன்றாவதை நீங்கள் நடத்தக் கேளுங்கள். அதைத் தர மறுக்க அவருக்குக் காரணம் கிடைப்பது கடினம்.

புதுமுகம்:
ஒப்பீட்டுக் குழு பற்றி இன்றே மெயில் போடுகிறேன். மூன்றுமே பொருந்தாத திரை வந்தால்?

அளவுகோல்:
அதே விதிதான். இருப்பதில் கொஞ்சமாவது செய்ததை "மிகவும்" என்றும், அறவே செய்யாததை "குறைவாக" என்றும் குறியுங்கள். ஒரு திரையில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.