வேலே பார்க்கிங் டோக்கனில் 'கார் உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சடித்தால் போதுமா?

கேள்வி: ஜவுளிக்கடை. எங்கள் டிரைவரே வாடிக்கையாளரிடம் சாவி வாங்கி காரை நிறுத்துவார், இலவசம்தான். டோக்கனில் 'வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இருக்கிறது. கார் திருடுபோனால் தப்பிக்கலாமா?

பதில் 1: முடியாதுங்க. சாவி கைமாறியதுமே கார் உங்கள் பொறுப்பில் வந்துவிடுகிறது. தன் பொருளை ஒரு சாதாரண மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் வேண்டும்: ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998-ல் கார் திருடுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் இதைத்தான் சொன்னது. தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று ஹோட்டல்தான் காட்ட வேண்டும். டோக்கன் வாசகம் கவனக்குறைவை மூடாது. இலவசம் என்ற வாதமும் எடுபடவில்லை.

பதில் 2: வாடிக்கையாளரே நிறுத்தி சாவியை வைத்துக்கொண்டால் கதை வேறு.

பெரும்பாலும் கோட்டை விடுவது சாவியில்தான். மேஜையில் குவித்து வைக்காதீர்கள். பூட்டிய பெட்டி, டோக்கன் எண்ணோடு வண்டி எண். வாங்கும்போதே நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், பழைய கீறலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

பதில் 3: நுகர்வோர் புகாருக்கு 2 வருட அவகாசம் உண்டு. சிசிடிவி பதிவு தானாக அழியும் முன் தனியாக எடுத்து வையுங்கள்.