பால்மர (ரப்பர் மர) விறகு எரித்தால் பசுமையா?

ஆறாங்கட்டை:
முறுக்குச்சட்டி நேற்று எழுதியதைப் படித்தீர்களா? "கேஸை விட்டுப் பால்மர விறகுக்கு மாறிவிட்டேன், என் முறுக்குப் பட்டறை முழுப் பசுமை" என்கிறார். சுங்கை சிப்புட்டுக்கு வந்து என் வீட்டுக் கொடியில் காயும் துணியை ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

முறுக்குச்சட்டி:
அண்ணே, மரம் வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கரிக்காற்றைத்தான் எரியும்போது விடுகிறது. கேஸ் அப்படியா? 30 வருடம் பால் கொடுத்த மரம், தோட்டத்தில் எப்படியும் சாய்ப்பார்கள். எனக்காக யாரும் வெட்டவில்லை.

ஆறாங்கட்டை:
முப்பதா? 25 வருடத்தில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். இதுகூடத் தெரியாதவர் பசுமை பேச வந்துவிட்டார்! அரசு மானிய கேஸ் தோம்பு (சிலிண்டர்), 14 கிலோ 26 வெள்ளி (ரிங்கிட்) 60 சென். அதை வைத்து வியாபாரம் செய்யக் கெடுபிடி வந்ததும் விறகுக்கு ஓடினீர்கள். அதற்குப் பெயர் பசுமையா?

கிராணிமகன்:
எங்கள் தோட்டத்தில் ஒரே மரத்தில் 32 வருடம் பால் வெட்டினார்கள். மேல்பட்டையில் ஏணி வைத்து வெட்டியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆறாங்கட்டை:
பங்களா சன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். என் அம்மா விடியற்காலையில் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பு தூக்கியவர். 25.

கிராணிமகன்:
அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்றால் நான் பேசக் கூடாதா? போன வருடக் கோயில் கூட்டத்திலும் இதே பேச்சுதான்.

மரப்பட்டறை:
வருடத்தை விடுங்கள். விறகு எங்கிருந்து வருகிறது? தோட்டத்துக் கட்டையா, நாற்காலி செய்யும் இடத்து மிச்சத் துண்டா? பால்மரப் பலகையைப் பூச்சி அரிக்கும் என்று போரான் மருந்து ஏற்றுவோம். ஒட்டுப்பலகை என்றால் பசையும் இருக்கும். அதையெல்லாம் பலகாரச் சட்டிக்கு அடியில் எரிக்கக் கூடாது. பச்சைக் கட்டை என்றால் ஈரம்தான் புகைகிறது. கொட்டகையில் அடுக்கிச் சில மாதம் காயவிட்டாலே பாதிச் சண்டை தீரும்.

முறுக்குச்சட்டி:
லோரிக்காரர் கொண்டுவந்து கொட்டுவார், சின்னச் சின்னத் துண்டுகள்தான். அதை நான் பார்ப்பதில்லை. ஆனால் 30 என்பது சரி. பழைய எண்ணெயைக்கூடச் சாக்கடையில் ஊற்றாமல் பயோடீசலுக்கு எடுப்பவரிடம்தான் கொடுக்கிறேன்.

ஆறாங்கட்டை:
கொடுக்கிறீர்களா, விற்கிறீர்களா? சும்மா கொடுத்தவர் மாதிரி பேச வேண்டாம். அப்புறம், திருவிழாவுக்கு நீங்கள் அனுப்பிய முறுக்கில் அடித்த சிக்கு வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. எத்தனை முறை பொரித்த எண்ணெயோ!

முறுக்குச்சட்டி:
அன்றைக்கு மூன்று பொட்டலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது யார்?

மரப்பட்டறை:
சின்னத் துண்டு என்றால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒரு படம் போடுங்களேன், பார்த்துச் சொல்கிறேன்.

ஆறாங்கட்டை:
படம் அப்புறம். முதலில் 25 என்று ஒத்துக்கொள்ளட்டும்.