மறுமடல்: "பர்ன்-இன்" என்பதற்குத் தமிழ்ச்சொல் — பழகுவது வடமா, செவியா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

ஒலிக்கருவிச் சொற்பட்டியலில் "பர்ன்-இன்" என்பதற்கு எரியேற்றம், பதப்படுத்தல், முதிர்வித்தல் என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. புதிய ஹெட்போனையோ அதன் வடத்தையோ (கேபிளையோ) நூறு, இருநூறு மணி நேரம் இசையோட்டி வைத்தால் ஒலி மேம்படும் என்று உயர்விலை ஒலிக்கருவி விரும்பிகள் சொல்வதையே இச்சொல் குறிக்கிறது. இதில் எரிவது எதுவுமில்லை. "எரியேற்றம்" எனக்குத் தகனமேடையைத்தான் நினைவூட்டுகிறது. பதப்படுத்தல் தோலுக்கும் மரத்துக்கும் மீனுக்கும் ஏற்கனவே உரியதாகிவிட்டது. முதிர்வித்தலில் குறை பெரிதாக இல்லை என்றாலும், கடையில் நின்று ஒருவர் வாயால் சொல்லக்கூடிய சொல்லாக அது தோன்றவில்லை.

என் பரிந்துரை "பழக்கல்". புதிய இரும்புத் தோசைக்கல்லை வாங்கிய அன்றே யாரும் மாவை ஊற்றுவதில்லை. கஞ்சித்தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்றி, வெங்காயத்தால் தேய்த்துச் சில நாள் பழக்குகிறோம். ஒரு பொருளைப் பயன்பாட்டுக்கு முன் இணக்கமாக்குவது என்னும் கருத்து இவ்வினையில் முன்பே இருப்பதால், பழக்கிய, பழக்காத, பழக்கு நேரம் என்று எச்சங்களும் தொகைகளும் தடையின்றிக் கிளைக்கின்றன.

ஆயினும் இச்சொல்லை நான் விரும்புவதற்கு முதன்மையான காரணம் வேறு. "பழக்கு" என்னும் பிறவினைக்குப் பக்கத்திலேயே "பழகு" என்னும் தன்வினை நிற்கிறது. "இந்த வடத்தைப் பழக்கினேன், ஒலி தெளிந்துவிட்டது" என்பவரிடம், "பழகியது வடமா, உங்கள் செவியா?" என்று அதே வேரைக்கொண்டே திருப்பிக் கேட்கலாம். ஆங்கிலச் சொல்லில் இந்த வசதி இல்லை.

அக்கேள்வி வெறும் சொல்விளையாட்டும் அன்று. மூன்று மீட்டர் நீளமும் 0.2 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் உடைய செப்பு வடத்தில், போகவும் வரவும் ஆறு மீட்டர் கம்பிக்கு மின்தடை ஏறத்தாழ அரை ஓம். 300 ஓம் மின்தடை கொண்ட சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனுடன் அதை இணைத்தால் ஒலியளவு குறைவது சுமார் 0.015 டெசிபெல், எவர் செவிக்கும் அது எட்டாது. செம்பை நீக்கி வெள்ளி போட்டாலும் மின்தடை ஐந்தாறு விழுக்காடு, அதாவது 0.03 ஓம் அளவே குறையும். வழக்கமாகக் கேட்கும் ஒலியளவில் அவ்வடத்தில் நிலவும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இருக்கும். இருநூறு மணி நேரம் அன்று, இருபது ஆண்டு ஓட்டினாலும் அந்த அழுத்தம் செம்பின் படிக அமைப்பைத் திருத்திவிடப் போவதில்லை.

ஹெட்போனைப் பொறுத்தவரை நான் இவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன். அதிர்தகட்டின் விளிம்பு தொடக்கத்தில் சற்றுத் தளர்வது இயல்பே. அதைவிடக் காதுமெத்தை நாளடைவில் அமுங்கி, தகட்டுக்கும் செவிக்கும் உள்ள தொலைவு குறைவதால் ஒலி உண்மையாகவே மாறும். தேய்ந்த மெத்தையைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய அன்று என் ஹெட்போன் வேறொருவருடையது போல ஒலித்தது. வடத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு: சட்டையில் உரசும் ஓசை, செருகியின் உறுதி, மிகக் குறைந்த ஓம் கொண்ட, காதுக்குள் பொருத்தும் இயர்போன்களில் வடத்தின் மின்தடை. செருகியைக் கழற்றி மாட்டும்போது அதன்மேல் படிந்த ஆக்சைடு உராய்ந்து நீங்குவதும் உண்டு. அதனால் வரும் தெளிவின் புகழைப் புது வடம் வாங்கிக்கொள்கிறது.

ஒரு கடைக்காரர் எனக்கு ஒரு வடத்தைப் பரிந்துரைத்தபோது, "200 மணி நேரம் ஓடிய பிறகுதான் இதன் குணம் தெரியும், அவசரப்படாதீர்கள்" என்றார். இரவுபகலாக ஓட்டினாலும் அதற்கு எட்டு நாளுக்கு மேல் ஆகும். பிடிக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தர அவர் கொடுத்திருந்த கெடுவோ ஏழு நாள்.

ஆகவே "வடம் பழக்கல்", "செவி பழகல்" என்று இரண்டு தலைச்சொற்களை முன்மொழிகிறேன். தொழிற்சாலையில் மின்னணுப் பாகங்களைச் சூட்டில் ஓட்டிப் பழுதானவற்றைக் கழிப்பதும், திரையில் பழைய படத்தின் சுவடு தங்கிவிடுவதும் ஆங்கிலத்தில் இதே பெயர் பெற்றிருந்தாலும் நமக்கு அவை வேறு செயல்கள். முன்னதற்குக் "கழிப்போட்டம்", பின்னதற்குத் "திரைத்தழும்பு" என்று வைக்கலாம்.

அன்புடன்.

* * *

அன்புடையீர்,

திரைத்தழும்பு நன்று, அதை இன்றே பட்டியலில் சேர்க்கலாம். பழக்கல் பற்றி எனக்கு ஓர் ஐயம். தோசைக்கல்லில் எண்ணெய் இறுகிப் படலமாவது மெய்யான மாற்றம். அப்படியிருக்க, நிகழாத ஒன்றுக்கு நிகழ்ந்த ஒன்றின் பெயரைச் சூட்டினால் உங்கள் உவமையே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாதா? அகராதியில் ஒரு சொல் ஏறிவிட்டால் அப்பொருளும் உண்டென்றே மாணவர் கருதுவர். "வடம் பழக்கல்" என்பதை விட்டுவிட்டு "செவி பழகல்" என்பதை மட்டும் வைத்தால் போதாதா?

* * *

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உவமையின் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முயற்கொம்பு என்ற சொல் நம்மிடம் இருப்பதால் எவரும் முயலின் தலையைத் தடவிப் பார்ப்பதில்லை. இல்லை என்று மறுப்பதற்கும் பெயர் வேண்டும். நாம் சொல் தராவிட்டால் விற்பவர் தம் விருப்பம்போல் ஒன்றை வைத்துக்கொள்வார். ஆகையால் சொல்லை நீக்காமல் வரையறையில் "மேம்படும் என நம்பப்படுவது" என்று எழுதி, சரிபார்க்கும் வழியையும் அருகிலேயே தந்துவிடலாம்: ஒரே வகை வடங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை 200 மணி நேரம் ஓட்டி, மற்றதைப் பெட்டியிலேயே வைத்திருந்து, ஒலியளவைச் சமப்படுத்தி, எது எதுவென்று கேட்பவரோ மாற்றித் தருபவரோ அறியாதபடி 16 முறை அடையாளம் காணச் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 2007-இல், நம்பமுடியாத கூற்றுகளைச் சோதித்து வந்த மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒலிபெருக்கி வடத்தை இன்னொரு வடத்திலிருந்து செவியால் மட்டுமே பிரித்தறிவோருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அச்சோதனை நடைபெறவே இல்லை.

எஞ்சியிருப்பது புணர்ச்சி மட்டுமே. "செவி பழகல்" எழுவாய்த் தொடர் என்பதால் ஒற்று மிகாது. "செவிப்பழக்கம்" என்று தொகையாக்கினால் மிகும். செவியே வினை செய்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதால் முன்னதையே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். தங்களுக்கு மறுப்பு இல்லையெனில் இந்த வடிவிலேயே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.