அவசரம்: புது டிஷ்வாஷர் தண்ணீர் இல்லை என்கிறது, குழாயில் நன்றாக வருகிறது

வாசல்திண்ணை
நேற்று மாலைதான் பொருத்தினார்கள். போட்டால் 10, 15 நிமிடம் ஓடுகிறது, அப்புறம் குழாய்ப் படம் போட்ட விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. குழாயைக் கழற்றித் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. நாளை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

கைவிளக்கு
எந்த மாடல்? மேல்தொட்டித் தண்ணீரா, மோட்டார் வைத்து வருவதா? விளக்கோடு எண் ஏதாவது காட்டுகிறதா? ஓடும்போது உள்ளே தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்கிறதா?

துளிநீர்
அழுத்தம்தான், சந்தேகமே வேண்டாம். பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பாராவது வேண்டும், சிலது 0.5 கேட்கும். தொட்டியில் நீர்மட்டம் குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தால்தான் 1 பார். ஒரு மாடி உயரத்தில் தொட்டி இருந்தால் 0.3 வருவதே பெரிய விஷயம். பிரஷர் பம்ப் ஒன்று வைத்துவிடுங்கள், முடிந்தது.

பழம்பட்டறை
இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது என்று தேடிப் பார்த்தீர்களா? மெஷினோடு ஒரு புத்தகம் வந்திருக்கும். அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். இன்லெட் ஹோஸ் மெஷினில் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு சல்லடை இருக்கும். புது பைப் வேலை என்றால் மண்ணும் பிளாஸ்டிக் துருவலும் அதில்தான் வந்து அடைக்கும். அதைக் கழற்றிக் கழுவிவிட்டு வந்து பேசுங்கள்.

மணல்வீடு
பிளக் எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டும் வேண்டாம். தண்ணீரைச் சூடாக்கும்போது 2000 வாட் வரை இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இருக்க வேண்டும்.

வாசல்திண்ணை
பாயிண்ட் தனியாகத்தான் இருக்கிறது. சல்லடை பார்த்தேன், சுத்தம். மேல்தொட்டித் தண்ணீர். 12 செட் மெஷின் (12 பேர் சாப்பிட்ட பாத்திரம் பிடிக்கும்), தனியாக நிற்பது. எண் எதுவும் வரவில்லை. வேறு?

கைவிளக்கு
குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியை வைத்து முழுதாகத் திறந்து விடுங்கள். எத்தனை நொடியில் நிறைகிறது? ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் பொதுவாகப் போதும். இன்னொன்று, டிரெயின் ஹோஸ் எங்கே போகிறது?

வாசல்திண்ணை
48 நொடி. டிரெயின் ஹோஸ் வாஷிங் மெஷின் ஹோஸோடு சேர்ந்து தரை ஓட்டைக்குள் போகிறது. அதில் பிரச்சினை இல்லை, தண்ணீர் நன்றாகவே போகிறது. வருவதுதான் இல்லை என்கிறது மெஷின்.

துளிநீர்
வாளி நிறைவது வேறு, அழுத்தம் வேறு. பம்ப் வையுங்கள்.

கைவிளக்கு
நன்றாகப் போவதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். உங்கள் வாஷிங் மெஷின் செமி ஆட்டோமேட்டிக்கா? அதில் தண்ணீர் தானாகவே சரிந்து வடியும், ஹோஸ் தரையில் கிடப்பதுதான் சரி. டிஷ்வாஷர் அப்படி இல்லை. அது பம்ப் வைத்து மேலே தள்ளும். ஹோஸ் மேலே ஏறி இறங்கும் என்ற கணக்கில்தான் செய்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் அரை நிமிடம் பழைய தண்ணீரை வெளியேற்றும் இல்லையா, அப்போது ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிடும். அதன் முனை தரைக்குக் கீழே தொங்கினால் கேனிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி எடுப்பது போல, பம்ப் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். மெஷின் ஒரு பக்கம் தண்ணீர் எடுக்க, அது இன்னொரு பக்கம் வழியாகப் போய்விடும். உள்ளே மட்டம் ஏறாததால் குழாயில் தண்ணீர் இல்லை என்று அது முடிவு செய்கிறது. இப்படி இழுபடாமல் தடுக்கும் அமைப்பு சில மெஷின்களில் உள்ளேயே உண்டு, எல்லாவற்றிலும் கிடையாது.

மெஷினைப் போட்டு, தண்ணீர் எடுக்கும் சத்தம் வரும்போது தரை ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து கேளுங்கள். களக் களக் என்று ஓடும் சத்தம் வந்தால் அதேதான். 5 நிமிடம் கழித்துக் கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். அடியில் வடிகட்டியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும்.

பழம்பட்டறை
இதைத்தான் புத்தகத்தைப் படியுங்கள் என்றேன். ஹோஸின் உயரம் படத்தோடு போட்டிருப்பார்கள். பல மாடல்களுக்குத் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையாமல், 100 செ.மீ.க்கு மிகாமல்.

கைவிளக்கு
நீங்கள் சல்லடை என்றுதானே சொன்னீர்கள், சார்?

மணல்வீடு
இதோடு ஒரு சந்தேகம். எக்கோ என்ற சிக்கன புரோகிராமில் போட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கரண்ட் பில் ஏறாதா? நான் எப்போதும் அரை மணி நேர புரோகிராம்தான் போடுகிறேன்.

துளிநீர்
ஏறத்தான் செய்யும். மூன்று மணி நேரம் மோட்டார் ஓடினால் சும்மாவா?

எலுமிச்சங்காடு
இல்லை. மோட்டார் எடுப்பது கொஞ்சம், தண்ணீரைச் சூடாக்கத்தான் கரண்ட் அதிகம். எக்கோ 50 டிகிரி பக்கம் வைத்து, நேரத்தை நீட்டி ஊறவைத்துக் கழுவுகிறது. இன்டென்சிவ் 65, 70 வரை போகும். நேரத்தைப் பார்த்துக் கரண்டைக் கணக்கிட முடியாது. அதோடு பாத்திரத்தைக் கழுவிவிட்டு மெஷினில் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதுதான் தண்டம். ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டால் போதும்.

துளிநீர்
கழுவாமல் வைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்குக் கையாலேயே கழுவிவிடலாம்.

எலுமிச்சங்காடு
வடிகட்டியைத் திருகி எடுத்துக் குழாயில் காட்ட ஒரு நிமிடம் ஆகுமா? மெஷின் ஒரு முறைக்கு எடுப்பது சுமார் 10 லிட்டர். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு 12 பேர் தட்டை நீங்கள் 10 லிட்டரில் கழுவுங்கள், பார்க்கலாம்.

துளிநீர்
நான் வாளியில் கழுவுகிறவன். என்னிடம் குழாய்க் கணக்குப் பேசாதீர்கள்.

பழம்பட்டறை
கேள்வி கேட்டவர் எங்கே?

வாசல்திண்ணை
ஹோஸ்தான். களக் களக் அப்படியே கேட்டது. இப்போது ஹோஸைச் சுவரோடு இடுப்பளவு தூக்கிக் கட்டி, சிங்க் அடியில் இருக்கும் பைப்பில் விட்டிருக்கிறேன். முழுதாக ஓடி முடிந்தது. பொருத்த வந்தவர் அவசரத்தில் இருந்தார், நானும் கவனிக்கவில்லை. நன்றி அண்ணா. கண்ணாடி டம்ளர் மட்டும் மாவு பூசியது போல வெள்ளையாக இருக்கிறது. அதற்கும் ஹோஸா?

கைவிளக்கு
அது உப்புத் தண்ணீர், அதாவது கடினமான தண்ணீர். மெஷினுக்குள் தரைப் பகுதியில் மூடி போட்ட ஒரு குழி இருக்கும். முதல் தடவை மட்டும் அதில் தண்ணீர் நிரப்பிவிட்டு டிஷ்வாஷர் உப்புப் போட வேண்டும். கழுவுகிற இடத்துக்கு அந்த உப்பு வராது, மெஷினுக்குள் தண்ணீரின் கடினத்தை இழுக்கும் பிசின் (ரெசின்) இருக்கிறது, அதைப் புதுப்பிக்கத்தான். சாப்பாட்டு உப்புப் போடாதீர்கள், அதில் கட்டி தட்டாமல் இருக்கக் கலப்பது அங்கே ஆகாது. போட்டதும் சிந்தியதைத் துடைத்துவிட்டு உடனே ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டீலில் துரு பிடிக்கும். அப்புறம் தண்ணீர்க் கடினத்துக்கு மெஷினில் ஓர் எண் வைக்க வேண்டும். இப்போது எத்தனையில் இருக்கிறது?

மணல்வீடு
சோப்பு, பளபளப்புக்கான திரவம், உப்பு மூன்றையும் சேர்த்த மாத்திரை போட்டால் உப்பு வேண்டாம் என்கிறார்களே?

கைவிளக்கு
தண்ணீர் மிதமாக இருந்தால் சரி. கடினம் அதிகமென்றால் மாத்திரையில் உள்ளது போதாது. வாசல்திண்ணை, அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

எலுமிச்சங்காடு
விருந்தாளிகள் வந்திருப்பார்கள்.