ஓப்பன் லூப்பில் வண்டி ஓட்டியவர்களே, உங்கள் கதையைச் சொல்லுங்கள்

எஸ்டீம்காரன், கோவை

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பிஸ்டனை வைத்திருக்கிறேன். அதன் தலையில், எக்ஸாஸ்ட் வால்வு பக்கமாக, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஆயில் தீர்ந்துபோயிற்றா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆயில் இருந்தது. பெட்ரோல்தான் போதவில்லை.

வண்டி 2003 மாடல் எஸ்டீம், 1298 சி.சி. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று முடிவுசெய்யும் கம்பெனி கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் இயங்கும், பெட்ரோல் அட்டவணையை நாமே எழுதிக்கொள்ளும் ஸ்பீடுயினோவைப் பொருத்தினேன். சாலையில் அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? மெதுவாகப் போகும்போது சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சர் பிழையைத் திருத்திக்கொண்டே வருகிறது. கலவையில் பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1, இரண்டும் மாறும் இடம் 0.45. பாவம், அதற்கு "கூட", "குறைய" என்ற இரண்டு வார்த்தைகள்தான் தெரியும். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று கேட்டால் விழிக்கும்.

ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற எடைக்கணக்கு, 12.5க்கும் 13க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் இந்தச் சென்சரின் பேச்சு எடுபடாது. கம்ப்யூட்டர் ஓப்பன் லூப்புக்குப் போய்விடும். நாம் அட்டவணையில் எழுதியது எதுவோ அதுவே ஊற்றப்படும், சரியா தவறா என்று திருப்பிக் கேட்க ஆளில்லை.

நான் கவனிக்காமல் விட்டது இதுதான். சாலையில் ஓடும்போதே, சுழற்சி ஏற ஏற, சென்சர் ஆறேழு சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. "அது பார்த்துக்கொள்கிறது" என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஏன் கூட்டுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்துக்கொண்டிருந்தது. ஐட்லிங்கில் பார்த்தால் பெட்ரோல் அழுத்தம் 3 பார், குறையே சொல்ல முடியாது. செட்டிப்பாளையத்தில் கரி என்ற பந்தய டிராக்கின் நேர்ப்பகுதியில் 5500 சுழற்சியில் முழுமிதி மிதித்தபோது அது 2.2க்கு இறங்கியிருக்கிறது. இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோல் 14 சதவீதம் குறைகிறது. லாம்டா (சரியான கலவை 1.00, அதற்குக் கீழே பெட்ரோல் கூட, மேலே குறைய) 0.87 இருக்க வேண்டிய இடத்தில் 1.01. முழுமிதியில் பெட்ரோல் குறைந்தால் சூடேறிப் பிஸ்டன் உருகும். மூன்றாவது சுற்றில் சத்தம் மாறியது, நான்காவது சுற்று இல்லை.

லேப்டாப் பதிவில், ஆக்ஸிஜன் சென்சரின் வோல்ட் கணக்கில், எல்லாம் இருந்தது. 0.85, 0.85, 0.84, திடீரென்று 0.12. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்த பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்தேன். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று எண்ணாகவே சொல்லும் வைட்பேண்ட் சென்சர் விலை அதிகம் என்று தள்ளிப்போட்டவனுக்கு எஞ்சின் வேலை என்ன விலை ஆனது என்று இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் இதைப் படிக்கிறார்கள்.

குதிரைத்திறன் கூடிய பெருமையை வேறெங்காவது சொல்லிக்கொள்ளலாம். இங்கே விழுந்த கதையை மட்டும் எழுதுங்கள்.

கத்தரி வெயில், சென்னை

விழவில்லை, தடுக்கினேன். இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் ஒரு மே மாதம். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து அழைத்தார்கள். கிளப்பினால் இருமல், தடுமாற்றம், மிதித்தால் இழுக்க மறுக்கிறது. ஒரு சுற்று போனதும் தானாகச் சரியாகிவிட்டது. அடுத்த முறையும் அதே கதை.

காற்று வெப்பத்தை அளக்கும் சென்சரை நான் இன்டேக் மேனிஃபோல்டின், அதாவது காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாயின், உலோகத்திலேயே திருகியிருந்தேன். நின்ற வண்டியின் சூடு முழுவதும் அதில் ஏறிவிட்டது. உள்ளே வந்த காற்று 40 டிகிரி, சென்சர் சொன்னது 70. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் ஒன்பது சதவீதம் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. கெல்வினில் வகுத்துப் பாருங்கள், 313ஐ 343ஆல். ஆக்ஸிஜன் சென்சர் இருந்திருந்தால் சில நொடிகளில் சரிக்கட்டியிருக்கும், எனக்கும் தெரியாமலே போயிருக்கும். இப்போது அந்தச் சென்சர் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் குழாயில் இருக்கிறது.

மலைப்பாதை, மேட்டுப்பாளையம்

சிரிக்க மாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்.

பழைய மோட்டார் சைக்கிள்களிலிருந்து எடுத்த த்ராட்டில்களை (மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் கதவுகள்), சிலிண்டருக்கு ஒன்றாக, நான்கு பொருத்தினேன். அப்படிச் செய்தால் மேனிஃபோல்டு அழுத்தம் துள்ளிக்கொண்டே இருக்கும், அதை நம்பி பெட்ரோல் கணக்கிட முடியாது. ஆகவே த்ராட்டில் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை சுழற்சி என்ற இரண்டை மட்டும் வைத்து அட்டவணை எழுதினேன். ஆல்ஃபா-என் என்று சொல்வார்களே, அது. சமவெளியில் கடிகாரம் மாதிரி ஓடியது. அந்தக் கர்வத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பினேன்.

கல்லாறு வரை தேன். பர்லியார் தாண்டும்போது மனைவி, "ஸ்டவ்வை அணைக்காமல் வந்துவிட்டோமா?" என்று கேட்டாள். பெட்ரோல் வாசனை. குன்னூர் வரும்போது பின்னால் கரும்புகை, வண்டி உறுமுகிறதே தவிர ஏற மறுக்கிறது. கோவையில் காற்றழுத்தம் சுமார் 96 கிலோபாஸ்கல், 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 78க்குள்தான். த்ராட்டில் அதே அளவு திறந்தாலும் உள்ளே போகும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோல் மட்டும் கோவைக் கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

குன்னூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ குடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், என்ன மாயமோ, வண்டி புதிதாகப் பிறந்த மாதிரி ஓடுகிறது! அருவங்காடு தாண்டியதும் மறுபடி இருமல். நிறுத்தி, அணைத்து, கிளப்பினேன். மறுபடி புது வண்டி. நான்கு முறை இப்படியே செய்து ஊட்டி போய்ச் சேர்ந்தேன். என் மனைவி அதற்கு ஒரு பெயர் வைத்தாள், இங்கே எழுதும்படியானது அல்ல.

காரணம் பின்னால்தான் விளங்கியது. எஞ்சின் சுழலத் தொடங்கும் முன், சாவி போட்ட நொடியில், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் காட்டுவதையே வெளிக்காற்றின் அழுத்தம் என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. அணைக்கும்வரை அதே கணக்கு. மேலே போகும்போது இது வெறும் கேலிக்கூத்து. இறங்கும்போதுதான் ஆபத்து. ஊட்டியில் குறித்த 78ஐ வைத்துக்கொண்டே கீழே வந்துவிட்டேன், காற்று கூடினாலும் பெட்ரோல் ஊட்டிக் கணக்கில்தான். மலையில் கியரில் உருண்டு வருவதால் ஒன்றும் தெரியவில்லை. கல்லாறு தாண்டிச் சமதளத்தில் ஒரு லாரியை முந்த மிதித்தேன். எஞ்சினுக்குள் சரளைக்கல்லைக் கொட்டிக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்துவிட்டேன். எஸ்டீம்காரரின் பிஸ்டனுக்கு ஜோடி கிடைக்காமல் போனது அந்த ஒரு நொடியால்தான்.

வெளிக்காற்றை மட்டும் அளக்க இரண்டாவதாக ஒரு சென்சர் போட்டேன். இப்போது தொட்டபெட்டா வரை போய்வருகிறோம். இன்னும் அவள் ஸ்டவ்வைப் பற்றிக் கேட்கிறாள்.

புதியவன், மதுரை

அண்ணன்மார்களே, எனக்குக் கதை இல்லை, கேள்விதான். இப்போது பங்கில் கிடைப்பது இ20. எத்தனால் 20 சதவீதம் இருந்தால் சரியான கலவை 14.7 இல்லை, 13.5 அளவு என்று படித்தேன். என் வைட்பேண்ட் மீட்டரோ ஐட்லிங்கில் 14.7தான் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

பட்டறை, சிங்காநல்லூர்

மீட்டரை விட்டுவிடு தம்பி, நன்றாகத்தான் இருக்கிறது. அது உண்மையில் அளப்பது லாம்டா. பெட்ரோல் எதுவானாலும் சரியான கலவை 1.00. அதை 14.7ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். டேங்கில் எத்தனால் இருக்கிறதா, இளநீர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

உன்னைப் போல ஒரு பையன் பட்டறைக்கு வந்தான். எங்கோ படித்துவிட்டு, இ20க்காக முழுமிதி இலக்கை 12.8லிருந்து 11.8க்கு மாற்றியிருந்தான். இழுவை போய், பிளக் நான்கும் கரிக்கட்டை. இலக்கு மாறாது. அந்த இலக்கை அடைய ஊற்ற வேண்டிய அளவுதான் கூடும். இதற்கு நேர்மாறான இன்னொருவர் இருக்கிறார். 2019இல் நானே டியூன் செய்து கொடுத்த வண்டி, அதன் பிறகு யாரும் தொடவில்லை. அன்றைய பெட்ரோலில் எத்தனால் இந்த அளவு இல்லை. போன வருடம் கொண்டுவந்தார். ஐட்லிங், நிதான ஓட்டம் எல்லாம் பழுதில்லை, அங்கே சென்சர் சரிசெய்துவிடுகிறது. முழுமிதியில் நான் 0.87 எழுதிய இடத்தில் 0.92 வந்தது. அவர் அப்படியே ஏற்காடு ஏறியிருந்தால் என் பெயர்தான் கெட்டிருக்கும். நீ டயலை லாம்டாவுக்கு மாற்றிக்கொள், குழப்பம் தீரும்.

ஒன்று கேட்டுக்கொள். மீட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் சென்சரை மட்டும் குழாயில் மாட்டிவைத்து வண்டி ஓட்டாதே. சூடேறாத சென்சரில் கரி படிந்து செத்துவிடும். மாதம் ஒருவர் இப்படிக் கொண்டுவருகிறார்.

ஒயர்க்காரன், ஓசூர்

சுருக்கமாக முடிக்கிறேன். மூன்று வாரம் இரவில்தான் டியூன் செய்தேன், பகலில் வேலை. வைட்பேண்ட் மீட்டர் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கலவை லேப்டாப்பில் 12.9, டாஷ்போர்டில் இருக்கும் அதே மீட்டரிலோ 12.4. லேப்டாப்தான் உண்மை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு நாள் பகலில் ஓட்டினால் இரண்டும் 12.1 காட்டுகின்றன. ஹெட்லைட்டைப் போட்டதும் லேப்டாப் மட்டும் அரைப் புள்ளி ஏறுகிறது.

மீட்டரின் எர்த் பாடியில், கம்ப்யூட்டரின் எர்த் எஞ்சினில். நடுவில் இருக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தது. விளக்கு எரியும்போது 0.15 வோல்ட் வித்தியாசம். என் மீட்டரின் அளவுகோலில் ஒரு வோல்ட்டுக்கு மூன்று புள்ளி, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஒயர்களையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து கட்டிவிட்டு, மூன்று வார வேலையை அழித்தேன்.

புதியவன், மதுரை

நன்றி பட்டறை அண்ணா. டயலை மாற்றிவிட்டேன், 1.00 காட்டுகிறது. இப்போது பயம் இன்னும் கூடிவிட்டது. முழுமிதிக்குப் போகும் முன் முதலில் எதை வாங்குவது?

எஸ்டீம்காரன், கோவை

பெட்ரோல் அழுத்த மீட்டர். நீண்ட குழாய் வைத்தது, கண்ணாடிக்கு வெளியே வைப்பரில் செருகிக்கொண்டு ஓட்டும்போதே பார்க்கலாம். பெட்ரோல் குழாயை வண்டிக்குள் மட்டும் கொண்டுவந்துவிடாதே. நிற்கும் வண்டியில் பார்த்தால் என்னைப் போலத்தான் ஏமாறுவாய்.

வரும் ஞாயிறு காலை கரி டிராக்கில் இருப்பேன். மலைப்பாதை, நீங்களும் வாருங்கள், அந்த நான்கு த்ராட்டிலைப் பார்க்க ஆசை. பிஸ்டனையும் கொண்டுவருகிறேன். சுண்டுவிரல் நுழையும் என்றால் பட்டறை அண்ணன் நம்ப மறுக்கிறார்.