பிலிப் குரேவிச் எழுதியவற்றைப் படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ‘நியூயார்க்கர்’ பத்திரிகையாளர் பிலிப் குரேவிச், ருவாண்டா இனப்படுகொலை பற்றி 1998-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்து முடித்தேன். மனசு இன்னும் அதிலேயே கிடக்கிறது.

முகோனெரோ தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்த, கொலைக்கு இலக்கான டுட்சி இனத்துப் போதகர்கள், நாளை நாங்கள் குடும்பத்தோடு கொல்லப்படப் போகிறோம் என்று தங்கள் சபைத் தலைவருக்கே கடிதம் எழுதுகிறார்கள். அவர் காப்பாற்றவில்லை. பிறகு டெக்சாஸில் இருந்த அவரைக் குரேவிச் தேடிப்போய்ச் சந்தித்து, அந்தக் கடிதத்தையும் வாங்கிப் பார்க்கிறார். 2003-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்தத் தலைவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கொன்றவர்கள் தரப்பு ஆளிடமும் குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்கும் இந்த முறைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

சரி, அடுத்து எதைப் படிப்பது? 1970-இல் மன்ஹாட்டனில் நடந்த இரட்டைக் கொலையைப் பல வருடம் கழித்து ஒரு புலனாய்வாளர் மறுபடி கையிலெடுப்பதைச் சொல்லும் சிறிய புத்தகமா? ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸோடு சேர்ந்து, ஈராக்கில் அமெரிக்க ராணுவம் நடத்திய அபு கிரைப் சிறையின் கொடுமைகள் பற்றி எழுதியதா? இரண்டையும் படித்தவர்கள் சொன்னால் நல்லது.

அப்புறம், இனப்படுகொலையை நிறுத்தி ஆட்சியைப் பிடித்த டுட்சி தலைவர் ககாமேயின் படை மீது குரேவிச் மென்மையாக நடந்துகொண்டார் என்ற விமர்சனம் உண்டு. எனக்கும், அந்தப் படை பின்னர் தாக்கிய காங்கோ அகதி முகாம்கள் பற்றிய பகுதிகளில் அப்படித்தான் பட்டது. அதை ஈடுசெய்யும் புத்தகங்கள், முக்கியமாக ருவாண்டாக்காரர்களே எழுதியவை, தெரிந்தால் சொல்லுங்கள். இவற்றில் எதுவும் தமிழில் வந்திருக்கிறதா? மதுரைப் பக்கம் யாரிடமாவது பிரதி இருந்தால் இரவல் தர முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தருவேன்.