இரைச்சல் நீக்கியா, இரைச்சல்முறியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஹெட்போனே அடக்கிவிடும் ‘ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங்’ வசதிக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்துள்ளன: இரைச்சல் நீக்கி, ஒலி ரத்து, எதிரொலிப்பான், இரைச்சலவிப்பு. நான்கும் யோசித்து எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான்கும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏன் என்பதையும், ஐந்தாவதாக ஒன்றை ஏன் முன்வைக்கிறேன் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏழெட்டு மாதங்களாக அந்த வசதியுள்ள ஹெட்போன் ஒன்றை நாள்தோறும் மாட்டிக்கொண்டு திரிகிறவன் என்பதால், சொல்லைப் பற்றிய என் கருத்தில் கருவியைப் பற்றிய கருத்தும் கலந்தே வரும்.

முதலில் ‘நாய்ஸ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். சென்ற மாதம் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு ரயிலில் போனேன். ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தியதும், குளிர்சாதனத்தின் முனகலும் சக்கரங்களின் தாழ்ந்த உறுமலும் யாரோ கம்பளியைப் போட்டு மூடியதுபோல் அடங்கிப்போயின. ஆனால் விழுப்புரம் தாண்டியதும் வந்த காபிக்காரரின் குரல் அடங்கவில்லை; பின்னணி அடங்கிவிட்டதால் முன்னைவிடத் துலக்கமாகவே கேட்டது. வீட்டிலும் இதே கதைதான். மாவரைக்கும் கிரைண்டரின் ஓட்டம் கேட்பதில்லை. குக்கரின் விசில் கேட்கிறது. பெட்டியின் மேல் ‘நாய்ஸ்’ என்று போட்டிருந்தாலும் தெருவில் நாய் குரைப்பதை அது நிறுத்துவதே இல்லை.

இந்த வேறுபாட்டைக் குறிக்கும் சொல் தமிழில் முன்பே இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. கடல் இரைகிறது, மழை இரைகிறது, அருவி இரைகிறது என்கிறோம். குக்கர் இரைகிறது என்றோ, நாய் இரைகிறது என்றோ யாரும் சொல்வதில்லை. அவையெல்லாம் சத்தம். விட்டுவிடாமல் ஒரே சீராக நீளும் தாழ்ந்த ஒலிக்குத்தான் இரைச்சல் என்ற பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. இந்தக் கருவி அடக்குவதும் பெரும்பாலும் அதைத்தான். ஆகவே சொல்லின் முற்பாதியில் ‘ஒலி’, ‘ஓசை’, ‘சத்தம்’ ஆகியவற்றை விட்டுவிட்டு ‘இரைச்சல்’ என்றே கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

கருவி ஏன் இப்படி ஆளுக்கொரு நியாயம் பேசுகிறது என்பதை அறிந்தால்தான் பிற்பாதியை முடிவு செய்ய முடியும். ஹெட்போனில் உள்ள ஒலிவாங்கிகள் வெளியிலிருந்து வரும் அலையை வாங்குகின்றன. உள்ளிருக்கும் சில்லு அதற்கு நேர் தலைகீழான அலை ஒன்றை ஆக்கி ஒலிக்கச் செய்கிறது. மேடும் பள்ளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து காதருகே இரண்டும் அடிபட்டுப் போகின்றன. பள்ளிப் பாடநூலில் ‘அழிவுக் குறுக்கீட்டு விளைவு’ என்று படித்தோமே, அதுதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், தாழ்ந்த ஒலியான 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டரை ஒட்டி வரும். உயர்ந்த சுருதியுள்ள 3,000 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் 11 சென்டிமீட்டர்தான். நீண்ட அலையில் சில்லின் கணக்கு ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் பெரிய கேடில்லை. குறுகிய அலையிலோ அதே பிசகு மேட்டையும் பள்ளத்தையும் நன்றாகவே இடம் மாற்றிவிடும். திடீரென்று எழுந்து அடங்கும் ஒலியானால், அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளவும் நேரம் போதாது. காபிக்காரர் தப்பித்தது இதனால்தான்.

இந்தக் கருத்துக்கு 1933-இலேயே ஜெர்மனியின் பால் லூயெக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தபோது அதன் தலைப்பு ‘ஒலி அதிர்வுகளை அமைதிப்படுத்தும் முறை’ என்ற பொருளில்தான் இருந்தது. ‘கேன்சல்’ என்ற பேச்சே அந்தத் தலைப்பில் இல்லை. 1978-இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ், விமானத்தில் தந்த ஹெட்போனில் எந்திர இரைச்சலை மீறிப் பாட்டைக் கேட்க முடியாமல் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான கருவியை 1989-இலும், நம்மைப் போன்றவர்களுக்கானதை 2000-ஆம் ஆண்டிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே: ‘கேன்சல்’ என்பது அந்தத் தலைப்பில் இல்லாத பெயர்; அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாக வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

‘ஒலி ரத்து’ இந்தக் கட்டாயத்தில் பிறந்த சொல்லாகவே எனக்குப் படுகிறது. ரயில் ரத்தாகும், உத்தரவு ரத்தாகும். அவற்றை ரத்து செய்ய அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும். அலைகள் ஒன்றோடொன்று மோதி ஓய்வதில் அந்தப் பொருள் இல்லை. ‘எதிரொலிப்பான்’ என்றால் ‘எதிரான ஒலியைத் தருவது’ என்று முன்மொழிந்தவர் விளக்கியிருந்தார். கருத்தில் பிழையில்லை, ஆனால் ‘எதிரொலி’ நெடுங்காலமாக வேறு வேலையில் இருக்கிறது. காதில் மாட்டினால் எல்லாம் இரண்டு முறை கேட்கும் போலிருக்கிறது என்று வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். ‘இரைச்சலவிப்பு’ கேட்க இனிமையாக இருக்கிறது. விளக்கை அவிப்பதும் (அணைப்பதும்) புலனை அவிப்பதும் (அடக்குவதும்) அழகான ஆட்சிகள்தாம். ஆனால் இன்றைக்கு நம் வீடுகளில் அவிவது கிழங்குதான்.

‘இரைச்சல் நீக்கி’க்குத்தான் ஆதரவு மிகுதி என்பதால் அதற்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். நீக்கினால் பொருள் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. கிரைண்டர் இரைச்சல் அறையில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். என் காதளவில் அதன் வீரியம் போய்விட்டது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய சிக்கலும் ஒன்று உண்டு. என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆயிரத்துச் சில்லறை ரூபாய்க்கு இயர்பட் வாங்கிவந்து, பேருந்துச் சத்தம் குறையவே இல்லை என்று என்னிடம் நீட்டினான். பெட்டியைப் பார்த்தால் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பெரிதாகப் போட்டு, முன்னால் பொடி எழுத்தில் ‘என்விரான்மென்டல்’ என்றிருந்தது. அது தொலைபேசியில் பேசும்போது நம் குரலோடு கலந்துவரும் சந்தடியைப் பிரித்தெடுத்து, எதிர்முனையில் இருப்பவருக்குக் குரலை மட்டும் அனுப்பும் வசதி. நம் காதுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அவன் பணம் கொடுத்து அடுத்தவர் காதுக்கு அமைதி வாங்கியிருக்கிறான்! ஆங்கிலப் பெயரே இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் குழப்புகிறபோது, ‘நீக்கி’ என்று நாமும் இரண்டுக்கும் பொதுவாகப் போட்டால் அந்தக் குழப்பத்தைத் தமிழிலும் பயிரிட்டதாகும்.

ஆகவே வினையை வைத்துப் பிரித்துவிடலாம் என்று தோன்றுகிறது. மெத்தையும் ரப்பர் முனையும் காதை அடைத்து ஒலியை வரவிடாமல் செய்வது இரைச்சல் தடுப்பு. பஞ்சு வைத்தாலும் கிடைப்பது அது. பேச்சின் ஊடே முளைத்த சந்தடியை எடுத்துவிட்டுக் குரலைக் காப்பது இரைச்சல் களைவு. பயிரை விட்டுக் களையை எடுக்கிற வேலை. எஞ்சியிருப்பதுதான் நாம் பெயர் தேடும் வசதி. அதற்கு ‘முறி’ என்ற வினையை முன்மொழிகிறேன். இஞ்சி பித்தத்தை முறிக்கும் என்கிறோம். நஞ்சை முறிப்பது நச்சுமுறி. ஒன்றை இன்னொன்றால் எதிர்த்து அதன் வீரியத்தை மட்டும் போக்குவது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்தே நச்சுமுறியை எடுக்கிறார்கள். இங்கும் வருகிற இரைச்சலைக் கொண்டேதான் அதன் மாற்றை ஆக்குகிறோம். எனவே கருவிக்கு ‘இரைச்சல்முறி’, செயலுக்கு ‘இரைச்சல்முறிப்பு’.

நேற்று தனி மடலில் இதைச் சொன்னபோது இலங்கை நண்பர் ஒருவர் சிரித்தார். அங்கே ‘திறைசேரி முறி’ என்றால் அரசு வெளியிடும் கடன் பத்திரம். இரைச்சலுக்கும் முறி வெளியிடுகிறீர்களா, வட்டி எவ்வளவு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ‘முறி’ தனியாக நிற்காமல் ‘இரைச்சல்’ முன்னால் வரும்போது பத்திரம் நினைவுக்கு வர இடமில்லை என்பதே என் எண்ணம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள உறுப்பினர்கள் இதற்கு மேலும் உறுத்தல் இருக்கிறதா என்று எழுத வேண்டுகிறேன். புணர்ச்சி விதிப்படி ‘இரைச்சன்முறி’ என்று எழுத வேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும். இலக்கணம் அவர்கள் பக்கம்தான். இருந்தாலும் கடையில் ஹெட்போன் வாங்க வருகிறவரை அது மிரட்டிவிடும் என்பதால் இயல்பாகவே விடலாம் என்கிறேன்.

இதன் மறுதலையான வசதிக்கும் பெயர் வேண்டும்: வெளியொலியை ஒலிவாங்கி வழியாக வேண்டுமென்றே உள்ளே விடுவது. சாலையைக் கடக்கும்போது நான் எப்போதும் அதற்கு மாற்றிவிடுவேன். ஒருமுறை மாற்ற மறந்து, பின்னால் வந்த ஆட்டோவின் ஓட்டம் காதில் விழாமல், அது உரசிக்கொண்டு போன பிறகு வந்த பழக்கம் இது. பள்ளி அறிவியலில் ‘ஒளிபுகும் பொருள்’, ‘ஒளிபுகாப் பொருள்’ என்ற சொற்கள் ஊன்றிவிட்டன. ஓர் எழுத்தை மாற்றினால் ‘ஒலிபுகு நிலை’ கிடைத்துவிடுகிறது. பேச்சில் லகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக ஒலிப்பவர்கள் பலர் என்பது தெரிந்ததே. காதில் மாட்டும் கருவிக்குள் ஒளி புக வழியில்லை என்பதால் அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

இப்போது முடிவு தேவைப்படுவது நாம் தமிழாக்கும் ஹெட்போன் செயலியின் அமைப்புத் திரைக்கு. அங்கே மூன்று பொத்தான்கள் அடுத்தடுத்து வருகின்றன. ‘இரைச்சல்முறிப்பு’ என்று முழுதாக எழுதினால் சிறிய திரையில் இரண்டாம் வரிக்கு ஒடிகிறது. ‘முறிப்பு’, ‘ஒலிபுகு’, ‘நிறுத்து’ என்று சுருக்கி, மேலே ‘இரைச்சல்’ என்று தலைப்பிட்டால் இடம் சரியாக இருக்கிறது என்று என் கைபேசியில் எழுதிப் பார்த்துவிட்டேன். மாற்றுக் கருத்து இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பைத் திங்களன்று அனுப்ப வேண்டும்.

அன்புடன்.